பலாலிக்கு ஒரு நேர்க்கோடு

கனகசெட்டிக்குளத்துக் கடற்கரையிலிருந்து தெற்கே, சற்றுக் கிழக்காகச் சாய்த்து ஒரு நேர்க்கோடு இழுத்தால், அது கடலூரையும் நாகப்பட்டினத்தையும் வலப்பக்கம் ஒதுக்கிவிட்டு, கோடியக்கரையையும் தொடாமல், முழுக்கக் கடல்மேலேயே போய் யாழ்ப்பாணத்துப் பலாலியில் கரையேறும். நீளம் 250 கிலோமீட்டர் சொச்சம். லாஸ்பேட்டையில் இருக்கும் புதுச்சேரி விமான நிலையத்திலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு இதே மாதிரி கோடு இழுத்தால் 265 வரும். ஏறக்குறைய ஒரே தூரம். பெங்களூருக்கு லாஸ்பேட்டையிலிருந்தே விமானம் இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரம் என்று அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். பலாலிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் வடக்கே பஸ் ஏற வேண்டும்.

கேலியாகச் சொல்லவில்லை. தெற்கே இருக்கிற ஊருக்குப் போக வடக்கே நூறு கிலோமீட்டருக்குமேல் பயணம் செய்து சென்னை மீனம்பாக்கம் போய்ச் சேர வேண்டும். பன்னாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார வேண்டும். அப்புறம் ஒரு ஏடிஆர் விமானம், இரண்டு பக்கமும் காற்றாடி சுழல்வது, நம்மைத் தூக்கிக்கொண்டு தெற்கே திரும்பும். சென்னையிலிருந்து பலாலிக்கு நேர்க்கோட்டுத் தூரம் 355 கிலோமீட்டர். அந்தக் கோடு கனகசெட்டிக்குளத்துக்கு நேர் கிழக்கே, கரையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் கடல்மேல் கடக்கிறது. காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டவர், அரை நாள் கழித்து, கிட்டத்தட்ட சொந்த வீட்டுக்கு எதிரிலேயே வந்து நிற்கிறார், வானத்தில்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் தெரியாதவர்களுக்குக் கனகசெட்டிக்குளம் என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து வரும்போது புதுச்சேரி மாநிலம் தொடங்கும் இடம். சென்னைப் பையன்கள் பலருக்குப் பாண்டிச்சேரி என்பதே இங்கே முடிந்தும் விடுகிறது. முதல் மதுக்கடைப் பலகை கண்ணில் பட்டதும் வண்டி ஓரங்கட்டப்படும், பாரதி பூங்காவும் கடற்கரைச் சாலையும் அடுத்த தடவைக்கு. மீன்பிடித் தடைக்கால அறிவிப்பு வருஷாவருஷம் வெளியாகும்போது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், வடக்கே கனகசெட்டிக்குளம் முதல் தெற்கே மூர்த்திக்குப்பம் புதுக்குப்பம் வரை என்று எல்லை சொல்லியிருப்பார்கள். அரசாங்கக் காகிதத்தில் இந்த ஊரின் பெயர் அதிகம் அடிபடுவது இந்த 'முதல்' என்ற சொல்லுக்காகத்தான். இங்கிருந்து புதுச்சேரி நகரத்துக்குப் போகிற வழியில், காலாப்பட்டும் பிள்ளைச்சாவடியும் தாண்டியதும் பொம்மையார்பாளையத்தில் தமிழ்நாடு வந்துவிடும். கோட்டக்குப்பம் முடிந்ததும் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பதினெட்டாம் நூற்றாண்டில் அடித்துப் பிடித்துப் பங்கு போட்ட துண்டுதுண்டு நிலத்தின் மிச்சம் அது. ஒரு பஸ் டிக்கெட்டுக்குள் இரண்டு தடவை மாநிலம் மாறுகிறது, நடத்துநர் கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இனி அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு வருவோம். ஏடிஆர் 72 ரக விமானம் மேலே போய் நிலைகொண்டபின் மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டரை ஒட்டிப் பறக்கும். 265 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் போதும். பெங்களூருக்கு ஏன் ஒன்றேகால் மணி? சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் தொண்ணூறு கிலோமீட்டர் கூடுதல், அதற்கும் அட்டவணையில் ஏறத்தாழ அதே ஒன்றேகால் மணிதான். விமானக் கம்பெனிகள் போடும் நேரம் பறக்கிற நேரமே அல்ல. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருக்கும் கட்டையை உருவுகிற நிமிஷத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கிற நிமிஷம்வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கிற விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும்வரை காத்திருப்பது, ஏறுவது, இறங்குவதற்கு முன் நகரத்தின்மேல் வட்டமடிப்பது, இறங்கியபின் நிறுத்துமிடத்துக்கு மறுபடி ஊர்வது எல்லாம் அதில் அடங்கும். தாமதம் என்று பெயர் வாங்காமல் இருக்கக் கொஞ்சம் நேரத்தைக் கூட்டியும் போட்டுக்கொள்வார்கள். பெங்களூரு மாதிரி நெரிசலான இடத்தில் இந்த ஓரச் செலவு அதிகம். ஆக, குறுந்தூரப் பயணத்தில் நேரத்தைத் தின்பது இடையில் இருக்கும் ஆகாயம் இல்லை. இரண்டு முனைகளும்தான்.

தூரத்துக்கும் இதே கதி உண்டு. இணையத்தில் எந்த இரண்டு ஊரைப் போட்டாலும் நேர்க்கோட்டுத் தூரம் வந்து விழுகிறது. உருண்டையான பூமியின்மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே போகக்கூடிய மிகக் குட்டையான வில் அது. எந்த விமானமும் அந்த வில்லின்மேல் அப்படியே பறப்பதில்லை. குறித்துவைத்த புள்ளி புள்ளியாகத் தாவித்தான் போகும். கீழே இருக்கிற நாடு ஒத்துக்கொள்ள வேண்டும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியதும், தில்லியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிறவை தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டியதாயிற்று. தில்லியும் லண்டனும் இருந்த இடத்தில்தான் இருந்தன.

லாஸ்பேட்டை விமான நிலையத்தின் கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம், நீளமில்லை. ஓடுபாதை 1,500 மீட்டர். பெரிய விமானம் இறங்காது, காற்றாடி வைத்த சின்ன விமானங்கள்தான். நீட்டலாம் என்றால் பக்கத்து நிலம் தமிழ்நாட்டினுடையது, பேச்சு பல வருஷமாக நடக்கிறது. 2013இல் பெங்களூரு விமானம் வந்தது, ஒரு வருஷத்தில் நின்றது. 2015இல் வேறொன்று வந்தது, அதுவும் அதே வருஷம் நின்றது. 2017இல் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ஹைதராபாத் விமானம் வந்தது, கொரோனாவில் நின்றது. 2022இல் மறுபடி வந்தது, 2024இல் மறுபடி நின்றது. அதே 2024 டிசம்பர் 20ஆம் தேதி இண்டிகோ வந்தது. பாண்டிக்காரர்கள் இதை ஒரு தேர்த்திருவிழா போலப் பார்க்கிறார்கள். வந்தால் தண்ணீர் பீய்ச்சி வரவேற்பு, அமைச்சர் கையசைப்பு, அப்புறம் அடுத்த தேர் எப்போது என்று தெரியாது.

புதுச்சேரிக்கு நேரத்தோடு பழைய பகை உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலத்தில் கப்பல் வந்த செய்திதான் பெரிய செய்தி. ஐரோப்பாவில் நடந்தது இங்கே தெரிய நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஒரு கப்பல் வர வேண்டும், அரை வருஷம் ஆகும். 1748 ஏப்ரல் 30ஆம் தேதி பிரான்சும் இங்கிலாந்தும் எக்ஸ்-லா-ஷப்பேலில் சமாதானத்தின் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. அதற்கு மூன்று நான்கு மாதம் கழித்து, ஆகஸ்டில், இங்கிலீஷ் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட வந்தார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே தாக்குப்பிடித்தார். மழைக்காலம் நெருங்க, அக்டோபரில் பாஸ்கவன் முற்றுகையைத் தூக்கிக்கொண்டு போனார். அதே அக்டோபர் 18இல் அங்கே இறுதி உடன்படிக்கை கையெழுத்தானது. முடிந்துபோன சண்டையைத்தான் இங்கே ஆள் செத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த உடன்படிக்கைப்படி பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை இங்கிலீஷ்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது மறு வருஷம் ஆகஸ்டு வாக்கில்.

புதுச்சேரிக்கும் பாரிசுக்கும் நேர்க்கோட்டில் 8,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அப்போதும் அதேதான். இன்று சென்னையில் ராத்திரி விமானம் ஏறி, வளைகுடாவில் எங்கேயாவது மாறி, மறுநாள் மத்தியானத்துக்குள் பாரிசில் இறங்கிவிடலாம். இதைச் செய்கிற குடும்பங்கள் புதுச்சேரியில் ஏராளம். 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவோடு சேர்ந்தபோது, இங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. எழுதிக் கொடுத்தவர்களில் பலர் சைகோனிலும் வேறு இடங்களிலும் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களின் வீட்டார் என்பார்கள். ஊரில் சொல்தா வீடு என்றால் தெரியும். தாத்தா போட்ட அந்த ஒரு கையெழுத்தில் பேரனுக்குப் பாரிஸ் பதினைந்து மணி நேரத்தில் இருக்கிறது. பக்கத்துத் தெருப் பையனுக்கு, அவனும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான், விசாவுக்கு நேரம் கேட்டு, வங்கிக் கணக்கு காட்டி, திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட மாட்டேன் என்று நம்பவைத்து, கிடைத்தால் உண்டு. கட்டை எடுப்பதற்கு முந்தைய நேரம் எந்த அட்டவணையிலும் இல்லை.

மீன்பிடிக்கிறவர்கள் கிலோமீட்டரே பேசுவதில்லை. கனகசெட்டிக்குளத்துக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் நேற்று எவ்வளவு தூரம் போனீர்கள் என்று கேட்டால், "பன்னண்டு பாகத்துல போட்டோம்" என்பார். தண்ணீரின் ஆழம் அது. அதுவும் போதாதென்றால் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் எத்தனை லிட்டர் போனது. கையில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது, அதில் எண் ஓடுகிறது, பாறை இருக்கிற இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ள அது உதவுகிறது. பேச்சில் மட்டும் பாகமும் லிட்டரும்தான். காற்றும் நீரோட்டமும் எதிர்த்தால் அதே இடத்துக்கு இரட்டிப்பு டீசல் போகும். அவருக்கு அந்த இடம் அன்றைக்கு இரண்டு மடங்கு தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கரைக்கு அனுமதி கேட்காமல் ஒரு தடவை ஒன்று வந்தது. 2004 டிசம்பர் 26, காலை ஆறரை மணிக்குச் சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பிளந்தது. பிளவு வடக்கே அந்தமான்வரை ஓடியது. ஆழ்கடலில் ஆழிப்பேரலையின் வேகத்தைத் தண்ணீரின் ஆழம் தீர்மானிக்கிறது. வங்கக் கடலில் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் அது மணிக்கு அறுநூறு கிலோமீட்டரைத் தாண்டும், கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து உயரம் ஏறும். எட்டரை ஒன்பது மணிவாக்கில் கனகசெட்டிக்குளம் தொடங்கி இந்தக் கரை முழுவதும் அடிபட்டது. போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் 1,370 கிலோமீட்டர், விமானம் இரண்டேகால் மணி நேரத்தில் கடக்கிறது. அலைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆனது. அன்று காலை அந்தத் தீவுகளில் அலை அடித்த செய்தி, அலைக்கு முன்னால் இந்தக் குப்பங்களுக்கு வந்து சேரவில்லை. தொலைபேசியும் செயற்கைக்கோளும் இருந்த காலம். பாஸ்கவனுக்குச் செய்தி எட்டாததற்குக் கப்பலைக் குறை சொல்லலாம். 2004இல் எதைச் சொல்வது? சொல்லவேண்டியது யார், யாரிடம் என்பது எழுதிவைக்கப்பட்டிருக்கவில்லை. ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது.

இப்போது கனகசெட்டிக்குளத்தின் வடக்கெல்லையைத் தாண்டுவோம். அடுத்து வருவது கீழ்ப்புத்துப்பட்டு, தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த ஊர் தெரியும். இங்கேதான் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்பதை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. மாநிலம் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். 1983, 1990, 1995, 2006 என்று நாலு அலையாக வந்தவர்களும், அவர்கள் இங்கே பெற்ற பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும். இங்கேயே பிறந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய், வடதமிழ்நாட்டுப் பேச்சையே பேசுகிற முப்பது வயதுக்காரர் இன்னும் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லாமல் இருப்பது இங்கே சகஜம்.

முகாம்காரப் பெரியவர் ஒருவரிடம் வந்த வழி கேட்டேன். "மன்னாரில இருந்து பொழுதுபட வெளிக்கிட்டனாங்கள் தம்பி. விடியக் காலமை தனுஷ்கோடிப் பக்கம் மணல் திட்டியில இறக்கிவிட்டிட்டுப் படகுக்காரன் திரும்பிட்டான். மண்டபத்தில பதிஞ்சவை. பிறகு இங்க." அவ்வளவுதான் சொன்னார். ஒரு ராத்திரிப் பயணம், ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. பிறகு என்ற சொல்லுக்குள் எவ்வளவு வருஷம் என்று நான் கேட்கவில்லை, தெரு முனையில் நின்ற வேப்பமரம் அவர் நட்டது என்று அவரே காட்டினார்.

அவர் கிளம்பி வந்தபின் அந்தப் பக்கத்துத் தூரங்களும் நிலையாக நிற்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் சாலையில் 400 கிலோமீட்டர். யாழ்தேவி ரயில் ஒரு காலத்தில் பகலிலேயே கொண்டுவிடும். 1990இல் அது நின்றது, யாழ்ப்பாணத்துக்கு மறுபடி வந்தது 2014 அக்டோபரில். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 சாலை 2002இல் மறுபடி திறந்து, 2006 ஆகஸ்டில் மூடியது. போர் முடியும்வரை குடாநாட்டுக்காரர் கொழும்பு போக வேண்டுமானால் கப்பலோ விமானமோதான், அதற்கும் படையினரின் அனுமதிச்சீட்டு வேண்டும், வரிசை வேண்டும்.

பலாலி விமான நிலையத்துக்கும் பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோனின் முதல் விமானம், 'சீதா தேவி' என்ற டக்கோட்டா, கொழும்பு ரத்மலானையில் கிளம்பி இங்கே இறங்கி, இங்கிருந்து மதராசுக்குத்தான் போனது. கொழும்பும் சென்னையும் விமானத்தால் இணைந்தபோது நடுவில் யாழ்ப்பாணம் ஒரு நிறுத்தம். போர்க்காலத்தில் அது படைத்தளமாயிற்று. 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையம் என்று திறந்து, நவம்பரில் சென்னையிலிருந்து விமானம் வந்தது, சில மாதத்தில் கொரோனா. 2022 டிசம்பரில் மறுபடி. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. ஆக அந்த 355 கிலோமீட்டர் இன்று எழுபத்தைந்து நிமிஷம். சீட்டு எடுக்கக் கடவுச்சீட்டு வேண்டும். முகாம்காரர் திரும்பிப் போவதென்றால் சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, பயண ஆவணம் வாங்கி, இங்கே வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். ஐ.நா. அகதிகள் ஆணையம் பலருக்கு இதில் உதவியிருக்கிறது, விமானச் சீட்டும் எடுத்துத் தந்திருக்கிறது.

2025 மே மாதம் அப்படி ஒரு முதியவர், தமிழ்நாட்டு முகாம் வாழ்க்கைக்குப் பிறகு, ஆணையத்தின் உதவியோடு பலாலியில் போய் இறங்கினார். விமான நிலையத்திலேயே அவரைக் கைது செய்தார்கள். குற்றம், பல வருஷத்துக்கு முன்னால் அங்கீகரிக்கப்பட்ட துறை வழியாக இல்லாமல் நாட்டை விட்டுப் போனது. இலங்கையின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தில் அதற்குப் பிரிவு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கண்டனம் எழுந்து, பிணையில் விட்டார்கள். வந்த பயணத்தை எழுபத்தைந்து நிமிஷமாக எண்ணிய விமான நிலையம், போன பயணத்தை இன்னும் முடியாததாகவே கணக்கில் வைத்திருந்தது. அவரைப் போன்றவர்கள் படகேறிய காலத்தில் இந்தியாவுக்கு வரும் தலைமன்னார் கப்பல் எண்பதுகளிலேயே நின்றுபோயிருந்தது, காங்கேசன்துறைத் துறைமுகமும் பலாலியும் படையினர் கையில். சட்டம் கேட்கிற அந்தத் துறைக்குப் போக, வடக்கிலிருந்து கிளம்புகிறவர் நடுவில் நடக்கிற போரைக் கடந்து கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையம்வரை தெற்கே போயிருக்க வேண்டும்.